600 கிலோமீட்டர் வழியை எட்டு விநாடியில் சொல்லும் கார் வழிகாட்டி, மேம்பாலத்தில் மட்டும் தடுமாறுவது ஏன்?

மடிவாளாவாசி:

அனைவருக்கும் வணக்கம். பெங்களூரு மடிவாளாவிலிருந்து சொந்த ஊரான திருநெல்வேலிக்கு ஆண்டுக்கு நான்கைந்து முறை காரில் போய்வருகிறேன். காரோடு பொருத்தி வந்த வழிகாட்டிக் கருவியைத்தான் இன்றும் பயன்படுத்துகிறேன். அதற்கு இணைய இணைப்பு கிடையாது. வரைபடம் முழுவதும் ஒரு எஸ்டி கார்டில் இருக்கிறது. முப்பது ஆண்டுகள் கணக்குத் தணிக்கையில் இருந்தவன் என்பதால், ஒரு விடை கைக்கு வந்தால் அது எப்படி வந்தது என்று தெரியாமல் எனக்கு மனம் ஒப்புவதில்லை.

என் முதல் சந்தேகம் கார்டைப் பற்றியது. ஒருமுறை பெங்களூருவின் வரைபடத்தை மட்டும் தெருப் பெயர் தெரியும் அளவுக்குப் பெரிதாக்கிப் படங்களாகச் சேமித்துப் பார்த்தேன். பாதி நகரம் முடிவதற்குள் கைப்பேசியில் இடம் போதவில்லை. அப்படியிருக்க, இந்தியா முழுவதற்குமான சாலைகள் நகத்தளவு கார்டில் எப்படி அடங்குகின்றன?

அடுத்தது வேகம். திருநெல்வேலி என்று உள்ளிட்டால், ஏறக்குறைய 600 கிலோமீட்டர் வழியைக் கருவி எட்டு விநாடிகளில் சொல்லிவிடுகிறது. இடையில் எத்தனை லட்சம் சந்திகள் இருக்கும்! ஒவ்வொரு வழியாகக் கூட்டிப் பார்த்து மிகக் குறைந்ததைத் தேர்ந்தெடுப்பது என்றால், என் ஆயுள் அதற்குப் போதாது என்று நினைக்கிறேன்.

மூன்றாவது, என் மனக்குறை. சென்ற மாதம் சில்க் போர்டு சந்தியைத் தாண்டி எலக்ட்ரானிக் சிட்டிக்குச் செல்லும் மேம்பாலத்தில் ஏறினேன். கருவியோ நான் கீழே ஓசூர் சாலையில் போவதாக முடிவு செய்துகொண்டு, மேம்பாலத்துக்குத் திரும்புவதற்காக அடுத்த சிக்னலில் யூ-டர்ன் எடுக்குமாறு கூட்லு கேட் தாண்டியும் சொல்லிக்கொண்டே வந்தது. அத்தனை பெரிய கணக்கைப் போடத் தெரிந்த ஒன்றுக்கு, நான் பாலத்தின் மேலே இருக்கிறேனா கீழே இருக்கிறேனா என்பது எப்படித் தெரியாமல் போகிறது?

நிரல்நெசவாளன்:

ஐயா, வணக்கம். இத்தகைய கார்டுகளுக்கான தரவைத் தொகுக்கும் பணியில் இதே ஊரில் சில ஆண்டுகள் இருந்தேன் என்பதால், முதல் இரண்டு கேள்விகளுக்கு நான் விடை சொல்கிறேன். மேம்பாலக் கேள்வியை அதில் பழகியவர்கள் எடுத்துக்கொள்ளட்டும்.

கார்டில் படமே இல்லை. திரையில் தெரிவது, எண்களை வைத்துக்கொண்டு கருவி அந்தந்த நொடியில் போடும் கோலம்தான். கோலத்துக்குப் புள்ளிகளும் எந்தப் புள்ளியை எதனோடு இணைப்பது என்ற குறிப்பும் இருந்தால் போதும். வரைந்த கோலத்தை யாரும் சுருட்டி வைப்பதில்லை. புள்ளி என்பது ஓர் அட்சரேகை, ஒரு தீர்க்கரேகை. பூமியின் 360 பாகையை 32 பிட் எண்ணால் (அதாவது 0, 1 என்ற இலக்கங்கள் 32 கொண்ட எண்ணால்) எழுதினால் சுமார் 429 கோடி படிகள் கிடைக்கின்றன. நிலநடுக்கோட்டில் ஒரு படி ஒரு சென்டிமீட்டருக்கும் குறைவு. எட்டு பிட் ஒரு பைட் என்பதால், இந்த முறையில் ஒரு புள்ளிக்கு எட்டு பைட் ஆகும். இதுவே சிறியதுதான் என்றாலும், தொகுப்பவர்கள் இத்தோடு நிற்பதில்லை. நாட்டைச் சதுரத் துண்டுகளாகப் பிரித்து, ஒவ்வொரு புள்ளியையும் அதன் துண்டின் மூலையிலிருந்து அளக்கிறார்கள். துண்டின் பக்கம் இரண்டரை கிலோமீட்டர் என்றால், 16 பிட் எண்ணே நான்கு சென்டிமீட்டருக்கும் நுண்ணிய படியைத் தருவதால் புள்ளிக்கு நான்கு பைட் போதும். அதே சாலையின் அடுத்த புள்ளியை முந்தைய புள்ளியிலிருந்து எத்தனை மீட்டர் என்று மட்டும் எழுதினால், 127 மீட்டர் வரையிலான விலகல் ஒரே பைட்டில் அடங்கும். ஆகக் கிழக்கு-மேற்குக்கு ஒன்று, வடக்கு-தெற்குக்கு ஒன்று என்று புள்ளிக்கு இரண்டே பைட். நேரான சாலைக்கு இரு முனைகள் போதும். தொப்பூர் கணவாய் போன்ற வளைவுகளில்தான் புள்ளிகள் நெருங்கி வரும்.

பெயர்களுக்கும் இதே சிக்கனம் உண்டு. ஒரு பெயர் பட்டியலில் ஒருமுறைதான் எழுதப்படும். சாலைத் துண்டுகள் அதன் வரிசை எண்ணை மட்டும் வைத்திருக்கும். ‘முதல் மெயின்’, ‘இரண்டாவது கிராஸ்’ என்று எல்லாப் பேட்டைகளிலும் ஒரே பெயரைத் திரும்பத் திரும்ப வைத்திருக்கும் நம் ஊருக்கு இந்த முறை நன்றாகவே பொருந்துகிறது. அதே காரணத்தால்தான் முகவரி தேடும்போது முதலில் ஜெயநகரா, இந்திராநகரா என்று கருவி நம்மைக் கேட்கிறது.

இனி இரண்டாவது கேள்வி. கார்டில் இருப்பது ஒரு வரைபடமன்று, இரண்டு. ஒன்று கண்ணுக்குக் காட்டுவதற்கு. மற்றொன்று வழி தேடுவதற்கு. வழி தேடும் வரைபடத்துக்குச் சாலையின் வளைவு நெளிவு தேவையில்லை. ஒரு சந்திக்கும் அடுத்த சந்திக்கும் இடையே எத்தனை மீட்டர், எத்தனை நேரம் ஆகும், ஒருவழிப்பாதையா, எந்த வகைச் சாலை என்பவை மட்டும் அதில் இருக்கும். கணிதத்தில் இதைக் கோட்டுரு என்பார்கள்.

இதில் வழி காணும் முறையை எட்ஸ்கர் டெய்க்ஸ்ட்ரா என்ற நெதர்லாந்துக்காரர் 1956-இல் ஆம்ஸ்டர்டாமில் ஒரு காபிக் கடையில் அமர்ந்திருந்தபோது, தாளும் பென்சிலும் இல்லாமல், இருபது நிமிடங்களில் யோசித்து முடித்ததாகப் பின்னாளில் கூறியிருக்கிறார். அது 1959-இல் அச்சேறியது. தணிக்கையாளரான உங்களுக்கு அதைப் பேரேட்டுக் கணக்காகவே சொல்லலாம். வீட்டிலிருந்து செக்போஸ்ட் சந்திக்கு 3 நிமிடம், கோரமங்கலாச் சந்திக்கு 7 நிமிடம் என்று இரண்டு நிலுவைகள் இருப்பதாக வைத்துக்கொள்வோம் (எண்கள் விளக்கத்துக்காக நான் இட்டவை). நிலுவையில் எது மிகச் சிறியதோ அதை முதலில் எடுத்து முடித்து வையுங்கள்: செக்போஸ்ட், 3. அங்கிருந்து சில்க் போர்டுக்கு 5 நிமிடம் என்றால், சில்க் போர்டு 8 என்று புதிய நிலுவை எழுதப்படும். அடுத்துச் சிறியது கோரமங்கலா, 7. அதையும் முடித்து வையுங்கள். அங்கிருந்தும் சில்க் போர்டுக்கு 6 நிமிடத்தில் ஒரு வழி உண்டு என்றால் அதன் கூட்டுத்தொகை 13. ஏற்கெனவே 8 இருப்பதால் 13-ஐ எழுதாமலே விட்டுவிடலாம். ஒரு சந்தியை முடித்து வைத்த பிறகு அதைத் திறக்க வேண்டிய தேவை வருவதில்லை. எல்லா வழிகளையும் கூட்டிப் பார்க்கும் வேலை இதனால் ஒழிந்துவிடுகிறது. ஒவ்வொரு சந்தியும் ஒரே ஒரு முறை முடித்து வைக்கப்படுகிறது, அவ்வளவுதான்.

ஆனால் இந்த முறை தரையில் கொட்டிய தண்ணீர் போல எல்லாத் திசையிலும் ஒன்றாகப் பரவும். திருநெல்வேலியை எட்டுவதற்குள், ஏறத்தாழ அதே தொலைவில் வடக்கே இருக்கும் ஹைதராபாத்தின் சந்துபொந்துகளையெல்லாம் கருவி முடித்து வைத்திருக்கும். இந்த வீண் வேலையைக் குறைக்க, ஸ்டான்ஃபோர்டு ஆராய்ச்சி நிறுவனத்தில் ஷேக்கி என்ற ரோபோவை நடமாட வைக்க முயன்றவர்கள் 1968-இல் ஏ-ஸ்டார் என்ற முறையை வெளியிட்டார்கள். ஒவ்வொரு நிலுவையோடும் ‘இங்கிருந்து இலக்குக்கு நேர்கோட்டில், அதிகபட்ச வேகத்தில் போனால்கூட இவ்வளவு நேரமாவது ஆகும்’ என்ற குறைந்தபட்சத் தொகையைக் கூட்டிப் பார்த்து, அந்தக் கூட்டுத்தொகை சிறிதாக உள்ளதை முதலில் எடுப்பதே அதன் சாரம். வடக்கே விலகும் ஒவ்வொரு சந்திக்கும் இந்தத் தொகை ஏறிக்கொண்டே போவதால், ஹைதராபாத்துக்கு முறை வருவதேயில்லை. கூட்டும் தொகை உண்மையைவிட ஒருபோதும் அதிகமாகிவிடக் கூடாது என்பதே நிபந்தனை. அதிகமானால் நல்ல வழி கைநழுவிவிடும்.

கருவிக்குள் இருக்கும் சிறு கணிப்புச் சில்லுக்கு இதுவும் போதவில்லை. அதனால் சாலைகளை அடுக்குகளாக வைத்தார்கள்: வீட்டுக்கு அருகிலும் இலக்குக்கு அருகிலும் எல்லாத் தெருக்களும், இடையில் நெடுஞ்சாலைகள் மட்டும். மனிதர்கள் வழி யோசிப்பதும் ஏறக்குறைய இப்படித்தான். ஓசூர் வரை போவதற்குத்தான் மூளையைக் கசக்குகிறோம், அதன்பின் கிருஷ்ணகிரி, தருமபுரி, சேலம் என்று தேசிய நெடுஞ்சாலை 44 தானாக வந்துவிடுகிறது. பழைய கருவிகள் இந்த விதியைக் கண்ணை மூடிக்கொண்டு பின்பற்றியதால், நல்ல மாநிலச் சாலை ஒன்று பக்கத்திலேயே இருந்தும் நெடுஞ்சாலைக்கு இழுத்துப்போகும். 2008-இல் ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூ பல்கலைக்கழகத்தில் இதற்கு ஒரு சரியான தீர்வு கண்டார்கள். முக்கியமில்லாத சந்திகளை ஒவ்வொன்றாக நீக்கி, அவற்றின் வழியாகப் போன சிறந்த பாதை அறுந்துவிடாமல் இருக்க, ‘கிருஷ்ணகிரியிலிருந்து தொப்பூர், மொத்தம் இத்தனை நிமிடம்’ என்பது போன்ற குறுக்கிணைப்புகளை முன்கூட்டியே எழுதி வைப்பது அந்த முறை. பிறகு புறப்படும் இடத்திலிருந்தும் சேருமிடத்திலிருந்தும் ஒரே நேரத்தில் தேடிக்கொண்டு வந்து, இரண்டும் நடுவில் சந்திக்கும். மேற்கு ஐரோப்பாவின் 1.8 கோடி சந்திகள் கொண்ட கோட்டுருவில்கூட, சாதாரணக் கணினியில் ஒரு மில்லிவிநாடிக்கும் குறைவான நேரத்தில் விடை வந்தது, அதுவும் துளி பிழையில்லாமல்.

எனவே உங்கள் கருவி எட்டு விநாடியில் போடுவது முழுக் கணக்கன்று. பெரும்பங்கு வேலை, கார்டைத் தயாரித்தவரின் கணினிகளில் நீங்கள் கார் வாங்குவதற்கு முன்பே முடிந்துவிட்டது. உங்கள் கருவி கடைசிக் கூட்டலை மட்டும் செய்கிறது. இன்னொரு செய்தியும் உங்களுக்குப் பிடிக்கலாம்: 1985-இல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்த ஈடாக் என்ற கருவி வரைபடத்தைக் கேசட் நாடாவில் வைத்திருந்தது. அது காரும் இலக்கும் எங்கே என்று திரையில் காட்டுமே தவிர, வழி சொல்லாது. வழியை ஓட்டுபவரே பார்த்துக்கொள்ள வேண்டும்.

சக்கரத்துடிப்பு:

எலக்ட்ரானிக் சிட்டியில் வாகன மின்னணுவியல் பிரிவில் வேலை செய்கிறேன்; அந்த மேம்பாலத்தில் நாள்தோறும் ஏறி இறங்குபவன் என்ற முறையில் மூன்றாவது கேள்விக்கு எனக்கு இரட்டை உரிமை உண்டு.

ஜிபிஎஸ் செயற்கைக்கோள்கள் சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுகின்றன. கிடைமட்டத்தில் நம்மைச் சுற்றி எல்லாப் பக்கமும் அவை இருப்பதால் ஒரு பக்கத்துப் பிழையை மறுபக்கம் ஈடுகட்டும். திறந்த வெளியில் ஐந்து மீட்டர் அளவுக்குத் துல்லியம் கிடைக்கும். உயரத்தில் அந்த வசதி இல்லை. எல்லாச் செயற்கைக்கோள்களும் நமக்கு மேலேதான் இருக்கின்றன, காலுக்குக் கீழே ஒன்றுகூட இல்லை. ஆகவே உயரக் கணக்கில் பிழை எப்போதும் அதிகம். மேல் தளத்துக்கும் கீழ்ச் சாலைக்கும் உள்ள சில மீட்டர் வேறுபாடு அந்தப் பிழைக்குள்ளேயே மறைந்துவிடும். வரைபடத்திலும் பெரும்பாலும் இது மேல், அது கீழ் என்ற வரிசை மட்டும்தான் இருக்கிறது. எத்தனை மீட்டர் உயரம் என்பது இருப்பதில்லை.

அப்படியானால் கருவி எதை நம்புகிறது? தொடர்ச்சியை. ஜிபிஎஸ் தரும் புள்ளிகள் சாலையின் மேல் சரியாக விழுவதில்லை. பக்கத்துக் கட்டடத்தின் மேலும் சாக்கடையின் மேலும் விழும். ஒவ்வொரு புள்ளிக்கும் அருகிலுள்ள சாலையைத் தனித்தனியாகத் தேர்ந்தெடுத்தால், கார் நெடுஞ்சாலைக்கும் சர்வீஸ் ரோடுக்கும் இடையே தாவிக்கொண்டே இருக்கும். அதனால் ‘ஒரு விநாடிக்கு முன் இந்தச் சாலையில் இருந்த கார், இப்போது எந்தெந்தச் சாலையில் இருக்க வழியுண்டு’ என்று ஒரு சங்கிலியாகவே எடைபோடுகிறார்கள். பெரும்பாலான நேரம் இது அருமையாக வேலை செய்யும். ஆனால் மேம்பாலத்தின் ஏறுசரிவும் கீழ்ச் சாலையும் பிரியும் இடத்தில், இரண்டுக்கும் இடைவெளி சில மீட்டர், கோண வேறுபாடு மிகச் சிறிது. அந்த நொடியில் கருவி கீழ்ச் சாலையைத் தேர்ந்தெடுத்துவிட்டால், அதன்பின் மேல் தளமும் கீழ்ச் சாலையும் ஒன்றன்மேல் ஒன்றாக ஓடுவதால், தவறைக் காட்டிக்கொடுக்க ஒரு சான்றும் கிடைப்பதில்லை. கீழ்ச் சாலையிலிருந்து மேலே தாவ வழியில்லை என்பதால் சங்கிலியும் மாறாது. உங்களைத் திரும்பி வரச் சொன்னது அந்தக் கருவியின் பிடிவாதமன்று; அதன் கணக்கில் நீங்கள் சரிவைத் தவறவிட்டவர்.

புதிய கார்களில் சக்கரம் சுழலும் துடிப்பை எண்ணும் உணரியும், வண்டி திரும்புவதை அளக்கும் கைரோ என்ற உணரியும் இருக்கின்றன. சுரங்கப்பாதையில் ஜிபிஎஸ் இல்லாதபோது இவை இரண்டையும் வைத்தே கார் எங்கே இருக்கிறது என்று கணிக்கிறார்கள். கைரோ திசை திரும்புவதை மட்டுமல்லாமல் வண்டியின் மூக்கு மேலே எழும்புவதையும் அளக்கும் வகையாக இருந்தால், சரிவில் ஏறியது தெரிந்துவிடும். உங்கள் கருவியில் இடம்-வலம் அளக்கும் வகை மட்டும் இருக்கக்கூடும் என்பது என் ஊகம். அடுத்த முறை சரிவின் அடிவாரத்தில் திரையில் அம்பு எந்தக் கோட்டில் ஏறுகிறது என்று, உடன் வருபவரைக் கவனிக்கச் சொல்லுங்கள். ஓட்டும்போது நீங்கள் பார்க்க வேண்டாம்.

மடிவாளாவாசி:

இருவருக்கும் நன்றி. பேரேட்டு விளக்கத்தைப் படித்ததும் தாளை எடுத்து எங்கள் தெருவிலிருந்து பத்து சந்திகளுக்கு நானே போட்டுப் பார்த்தேன். விடை நான் வழக்கமாகப் போகும் வழியாகவே வந்தது. ஒரு துணைக் கேள்வி. கிருஷ்ணகிரியிலிருந்து தொப்பூருக்கு இத்தனை நிமிடம் என்று முன்பே எழுதி வைத்துவிட்டால், அன்றைக்கு அங்கே லாரி கவிழ்ந்து சாலை அடைபட்டிருந்தால் அந்தப் பதிவு பொய்யாகிவிடாதா?

நிரல்நெசவாளன்:

பொய்யாகத்தான் ஆகும். குறுக்கிணைப்பு முறையின் பலவீனம் அதுவே: ஒரு துண்டின் நேரம் மாறினால் அதன்மேல் கட்டிய எல்லாமே மாற வேண்டும். இதற்காக மைக்ரோசாஃப்ட் ஆய்வாளர்கள் 2011-இல் வேறொரு வழியை முன்வைத்தார்கள். நாட்டை ஊர், வட்டம், மாவட்டம் போல ஒன்றனுள் ஒன்றான பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொரு பகுதிக்கும் ‘இந்த வாசலில் நுழைந்து அந்த வாசலில் வெளியேற இவ்வளவு நேரம்’ என்ற அட்டவணையை மட்டும் வைத்திருப்பார்கள். நேரம் மாறிய பகுதியின் அட்டவணையையும் அதை உள்ளடக்கிய பெரிய பகுதிகளின் அட்டவணைகளையும் திருத்தினால் போதும். மற்றவை அப்படியே நிற்கும். இணையத்தில் நெரிசலோடு வழி சொல்லும் சேவைகளுக்கு இத்தகைய அமைப்புதான் ஏற்றது. உங்கள் கருவிக்கு நெரிசல் செய்தி வருவதே இல்லை என்பதால் தொப்பூரில் என்ன நடந்தாலும் அதற்குத் தெரியாது. ‘முன்னால் சாலை அடைப்பு’ என்ற பொத்தான் இருந்தால், நீங்களே சொல்லி மாற்றுவழி கேட்கலாம்.

அல்சூர் ஓட்டுநர்:

நான் மூன்று வாடகைக் கார்கள் வைத்திருக்கிறேன்; ஓய்வு நேரத்தில், யாரும் திருத்தக்கூடிய இணைய வரைபடமான ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் எங்கள் பகுதியைத் திருத்துவதும் உண்டு. கணக்கு முறை எவ்வளவு சிறந்ததாக இருந்தாலும், உள்ளே எழுதியது தவறென்றால் விடையும் தவறுதான் என்பதை இங்கே பதிவு செய்ய விரும்புகிறேன்.

நாற்சந்தி ஒன்றில் யூ-டர்னை விட்டுவிட்டாலே திரும்பும் முறைகள் பன்னிரண்டு. ‘வலப்புறம் திரும்பக் கூடாது’ என்பதைச் சந்தியின் மேல் எழுத முடியாது, ஏனெனில் எதிர்ப்புறத்திலிருந்து வருபவருக்கு அதே சந்தியில் வலப்புறம் திரும்ப அனுமதி இருக்கலாம். எனவே எந்தச் சாலையிலிருந்து, எந்தச் சந்தி வழியாக, எந்தச் சாலைக்கு என்று மூன்றையும் சேர்த்தே பதிய வேண்டும். போக்குவரத்துக் காவலர்கள் ஒரு தெருவை ஒருவழியாக்க ஒரு பலகை போதும். அது கார்டுக்கு வந்து சேர, அடுத்த பதிப்பு வரை காத்திருக்க வேண்டும்.

ஐயா இன்னொன்றையும் பார்க்க வேண்டும். அமைப்புகளில் ‘விரைவான வழி’, ‘குறுகிய வழி’ என்று இரண்டு இருக்கும். என் ஓட்டுநர் ஒருவர் தெரியாமல் இரண்டாவதை வைத்துவிட்டு, ஒயிட்ஃபீல்டு போகும் பயணியை வர்த்தூர்ப் பக்கம் ஏரிக்கரையை ஒட்டிய மண்பாதையில் கொண்டுபோய்ச் சிக்கவைத்தார். கருவியின் மேல் குற்றமில்லை. மீட்டரைக் குறைக்கச் சொன்னோம், குறைத்தது. நேரத்தைக் குறைக்கச் சொன்னாலும், அந்த நேரம் யாரோ சாலை வகைக்கு ஒன்றாக ஊகித்து எழுதிய வேகத்திலிருந்து வந்ததுதான். சிவாஜிநகர்ச் சந்தைத் தெருவுக்கு மணிக்கு 30 கிலோமீட்டர் என்று எழுதியவர், அங்கே மாலை ஆறு மணிக்கு வந்து பார்த்தவராக இருக்க முடியாது.

மடிவாளாவாசி:

சொன்னபடி செய்து பார்த்தேன். ஞாயிற்றுக்கிழமை மைத்துனரைப் பக்கத்தில் அமர்த்திக்கொண்டு, மேம்பாலத்தில் ஐந்து முறை ஏறி இறங்கினோம். மூன்று முறை அம்பு மேல் தளத்துக்குச் சரியாக ஏறியது. இரண்டு முறை கீழ்ச் சாலையிலேயே நின்றுவிட்டது. தவறிய இரண்டு முறையும் சரிவின் அடிவாரத்தில் நெரிசலில் நின்று நின்று ஏறினோம் என்று மைத்துனர் குறித்து வைத்திருக்கிறார். இது தற்செயலா?

சக்கரத்துடிப்பு:

தற்செயலாக இராது. கார் ஓடும்போதுதான் ஜிபிஎஸ்ஸால் அது எந்தத் திசையில் போகிறது என்று சொல்ல முடியும். ஊர்ந்து செல்லும்போது திசை நிலையில்லாமல் அலையும். பிரியும் இடத்தில் கருவிக்கு இருக்கும் ஒரே துப்பு அந்தச் சிறிய கோண வேறுபாடு. நெரிசலில் அதுவும் போய்விடுகிறது.

மடிவாளாவாசி:

அப்படியானால் திருநெல்வேலிக்கு இனி விடியற்காலை ஐந்து மணிக்கே புறப்படுகிறேன். ஐந்து முறையும் சுங்கக் கட்டணம் கட்டிய கணக்கை வீட்டில் இன்னும் சொல்லவில்லை.